பாத்துட்டுச் சொல்லுதேன்

அவரிடம் மணி கேட்டால், கையில் கட்டியிருக்கும் வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அரை நிமிடத்துக்கு முன்னால்தான் வேறு யாரோ கேட்டிருப்பார்கள், அவரும் சொல்லியிருப்பார். இருந்தாலும் மறுபடி பார்ப்பார். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போய், கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தூறுது" என்பார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டுச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். நான் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் துணி காயப்போட்டிருந்தவர்கள் அவரிடம்தான் கேட்டார்கள்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. முதலாளிக்கு மூன்று தோணிகள். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், சிமெண்டு ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போய்வரும். அங்கே எனக்குப் போனில் பேசுவதுதான் வேலை. சரக்கு எப்போது ஏறும் என்று கேட்கிற வியாபாரிகள், தோணி எப்போது வரும் என்று கேட்கிற வீட்டுப் பெண்கள், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். "ஆயிரும் அண்ணாச்சி", "வந்திரும்க்கா", "ஒன்னும் கவலப்படாதீய" என்பதையே பதினைந்து வருடம் பல ராகத்தில் சொல்லிப் பிழைத்தவன் நான். கேட்பவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். போனை வைக்கும்போது அவர்கள் குரலில் ஒரு தெம்பு இருக்கும்.

அவர் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். நாசரேத் பக்கம் ஊர். அதற்கு முன்னால் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதனால் ஆபீசில் எல்லோருக்கும் அவர் டீச்சர் ஆனார். வேலை கேட்டு வந்த அன்று முதலாளி அவரை எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "இத ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். "இத நான் பாத்ததில்ல சார். பாத்தாத்தான் தெரியும்" என்றார் அவர். முதலாளி என்னிடம் வந்து, தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவளை எப்படி வேலைக்கு வைப்பது என்று சலித்துக்கொண்டார். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. அதனால் வைத்துக்கொண்டார்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோணி ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி கட்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அது, தான் இருக்கும் இடத்தைச் சாட்டிலைட்டுக்கு அனுப்பும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதை வாங்கி, இன்டர்நெட் வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும். அதைப் பார்த்துத்தான் எந்தத் தோணி எங்கே இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். அதிலும் மிகப் பழைய லினக்ஸ். பெட்டிகளை விற்றவர்கள் எழுதிக்கொடுத்த புரோகிராம் அதில் மட்டும்தான் ஓடும்.

டீச்சர் வந்த முதல் வாரத்திலேயே அந்த புரோகிராமை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்தார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் எடுத்தார். எடுத்தது திறக்கிறதா என்று திறந்தும் பார்ப்பார். நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். அதில் மணியும், அந்த மணிக்குத் தான் கண்டதும் மட்டும் இருக்கும். ஒருநாள் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். 'பத்தே கால், பிரிண்டர் இரண்டு தாள் இழுத்தது. பத்து இருபது, மறுபடி இரண்டு தாள்.' இப்படியே பக்கம் பக்கமாக இருந்தது.

அவரால் வீட்டில் அடிபட்டவர்களும் உண்டு. எங்கள் பில் கிளார்க் ஒருநாள் நாலு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார். போகிற இடம் எங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு அவர் மனைவி போன் பண்ணினார். வழக்கமாக நான்தான் எடுப்பேன், சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அன்று நான் கீழே டீ குடிக்கப் போயிருந்தேன். டீச்சர் எடுத்து, "இங்க இல்ல மேடம். நாலு மணிக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் கிளார்க் வீங்கிய முகத்தோடு வந்து அவரிடம் சண்டைக்கு நின்றார். "கேட்டாங்க. நீங்க இல்ல. இல்லன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் வேலையைப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பேசாததை டீச்சர் கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று நானே ஒருதடவை கேட்டிருக்கிறேன். ஒரு பேச்சுக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றேன். அவருடைய வாழ்க்கையில் ஏதோ நடந்திருக்க வேண்டும், யாரோ பொய் சொல்லி ஏமாற்றியிருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கதை இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒன்னும் இல்ல அண்ணாச்சி. தெரியாதத எப்பிடிச் சொல்ல?" என்றார். அவ்வளவுதான். கதை ஒன்றும் இல்லை.

எங்களோடு அவர் நாலு வருடம் இருந்தார். பிறகு கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து அங்கே போனார்கள். போகும்போது நோட்டுகளை ஆபீசிலேயே விட்டுவிட்டுப் போனார். போவதற்கு முந்தின வருடம், என் மனைவிக்கு திருநெல்வேலியில் வயிற்றில் ஒரு ஆபரேஷன். ஒரு மணி நேரம் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனவர்கள் மூன்று மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. சொந்தக்காரர்கள் பத்துப் பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்றார்கள். நான் ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை. கேட்கக் கேட்க நான் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பஸ் பிடித்து வந்திருந்தார். நேரே உள்ளே போனார். எப்படி, யாரைப் பிடித்தாரோ தெரியாது. கால் மணி நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட்டி நெனச்சத விடப் பெருசா இருந்துச்சாம். எடுத்துட்டாங்க. இப்பத் தையல் போடுதாங்க. ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திருக்கு. நர்ஸ் சொன்னது இவ்வளவுதான். வேற எனக்குத் தெரியாது" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நல்ல செய்தி என்று சொல்ல முடியாது. ஆனால் அது செய்தி. அதன்மேல் உட்கார்ந்துகொள்ள முடிந்தது.

அவர் சேர்ந்த முதல் வருடம் என்றால் அவரை ஆஸ்பத்திரி வாசலிலேயே தடுத்திருப்பேன். எனக்குள் மாற்றம் வந்தது அதற்கு அடுத்த வருடம் ஐப்பசியில்தான்.

வியாழக்கிழமை இரவு எங்கள் பெரிய தோணி பதினோரு பேரோடு கிளம்பிப் போயிருந்தது. கிளம்பும்போது கடல் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அது கன்னியாகுமரியைத் தாண்டித் தென்மேற்கே போய்க்கொண்டிருப்பதை நானே பார்த்தேன். ஐந்து மணிக்கு இடி இறங்கியது. எங்கள் கட்டடத்தில் லைட்டெல்லாம் ஒருமுறை வெள்ளையாக எரிந்து அணைந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கருகிய வாடை வந்தது. அதோடு அது முடிந்தது.

சனிக்கிழமை காலையில் ரேடியோவில் குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். மத்தியானம் அது மண்டலமாகிவிட்டது என்றார்கள். தோணியில் இருக்கிற வயர்லெஸ் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. பெட்டி விற்ற கம்பெனிக்கு முதலாளி மெயில் போட்டார். இரண்டு வேலை நாளில் பதில் வரும் என்று தானாக ஒரு மெயில் திரும்பி வந்தது. சனி, ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள் இல்லை.

முதலாளி, மழைக்கு மூடியிருந்த கடையைத் திறக்கச் சொல்லிப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்தார். பழைய லினக்ஸ் அந்தப் புது மிஷினில் நேராக ஏறாது என்றார் டீச்சர். ஆகையால் புது கம்ப்யூட்டர் விண்டோஸில் ஓட, அதற்குள்ளே கம்ப்யூட்டர் மாதிரியே ஒன்றை உண்டாக்கி, அதில் பழைய லினக்ஸை ஏற்றப்போவதாகச் சொன்னார். "வயித்துக்குள்ள பிள்ள மாதிரியா?" என்று முதலாளி கேட்டார். "அப்பிடில்லாம் எனக்குச் சொல்லத் தெரியல சார். ஒரே பெட்டி. ரெண்டு சிஸ்டம்" என்றார். எப்போது முடியும் என்றதற்கு, தெரியாது என்றார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் லினக்ஸ் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்த காப்பியிலிருந்து புரோகிராமும் வந்துவிட்டது. நெட்வொர்க் மட்டும் வரவில்லை. உள்ளே உண்டாக்கின கம்ப்யூட்டருக்கு வெளி உலகம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழரைக்கே டீச்சர் வந்து அதற்கு முன்னால் உட்கார்ந்தார். அன்று அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா போனில் அதற்குத் திட்டியது என் மேசைவரை கேட்டது.

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தோணிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் படியேறி வந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். முன்னால் வந்தவர் பிரகாசி. தோணியை நடத்திக்கொண்டு போகிற தலைவரைத் தண்டல் என்போம், பிரகாசி தண்டலின் மனைவி. சமையல்காரனின் தாயாரும் வந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கடைசியாக ஏறினார். எல்லோரும் பூசைக்குக் கட்டிய நல்ல சேலையில் இருந்தார்கள்.

தோணி எங்கன இருக்கு என்று பிரகாசி கேட்டார். பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது, கன்னியாகுமரியைத் தாண்டிவிட்டது, காற்று இருக்கிற இடம் வேறு என்று முதலாளி சொன்னார். பிரகாசி என்னைப் பார்த்தார். பதினைந்து வருடமாக என் குரலைப் போனில் கேட்டுப் பழகியவர். "ஆமாக்கா. காலையிலகூடப் பாத்தேன்" என்றேன்.

டீச்சர் நாற்காலியைத் திருப்பினார்.

"அண்ணாச்சி, காலையில நாம ஒன்னும் பாக்கல."

 அவர் பிரகாசியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், பில் நம்பர் வாசிப்பதுபோலச் சொன்னார். "வெள்ளிக்கிழம சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசியாப் பாத்தோம்க்கா. அதுக்குப் பெறவு இந்த மிஷின் வேல செய்யல. தோணி இப்ப எங்கன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

பிரகாசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். முதலாளிக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. எழுந்து வெளியே போ என்று டீச்சரைப் பார்த்துக் கத்தினார். நான் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கும் அவரை அந்த நிமிடம் அடிக்கலாம்போல இருந்தது. என் பொய் வெளிப்பட்டதற்காக இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகவும்தான்.

பிரகாசிதான் பேசினார். "அவள ஏன் வையுதீய? அவளாவது சொன்னா." பிறகு டீச்சரிடம், "எப்பத் தெரியும்?" என்றார்.

"தெரியலக்கா. ஒவ்வொன்னாப் பாத்துட்டு வாரேன். பாக்கப் பாக்கச் சொல்லுதேன்."

அந்தப் பெண்கள் போகவில்லை. பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். டீச்சரும் சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு படி தாண்டியதும் நாற்காலியைத் திருப்பி, கண்டதைச் சொன்னார். முதலில் சொன்னது, நெட்வொர்க் கார்டு இருக்கிறது, ஆனால் எழும்பவில்லை என்பது. கொஞ்ச நேரம் கழித்து அதன் காரணமும் கிடைத்தது. லினக்ஸை ஏற்றும்போது ஒரு கோப்பில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. மிஷின் கிளம்பும்போதே நெட்வொர்க்கையும் கிளப்ப வேண்டுமா என்பதற்கு அந்த வரியில் 'நோ' என்று இருந்தது. யாரும் கேட்காமலே அப்படித்தான் எழுதிக்கொள்ளுமாம். டீச்சர் அதை 'யெஸ்' ஆக்கி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். திரையில் வரி வரியாகப் பதில் ஓடியது. முதலாளி கைதட்டிவிட்டார்.

"வெளிய போகுது" என்றார் டீச்சர். "உள்ள வருதான்னு இன்னும் பாக்கல."

என் மேசைக் கம்ப்யூட்டருக்கு வந்து, இங்கிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். இருக்கிறாயா என்று ஒரு மிஷின் இன்னொரு மிஷினைக் கேட்டுப் பதில் வாங்குகிற கட்டளை அது. பதில் இல்லை. உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டர், வெளிக் கம்ப்யூட்டரின் பெயரில் ஒளிந்துகொண்டு இன்டர்நெட்டுக்குப் போகிறது, அது அங்கே இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது என்று விளக்கினார். நமக்கு வர வேண்டிய செய்தி வெளியிலிருந்து வருவது. ஆகையால் அது ஒளியாமல், தனக்கென்று சொந்த நம்பரோடு நெட்வொர்க்கில் நிற்க வேண்டும். செட்டிங்கை மாற்றி, பழைய கம்ப்யூட்டருக்கு இருந்த நம்பரையே அதற்குக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற செய்தியை அந்த நம்பருக்கு அனுப்பும்படிதான் எங்கள் ரூட்டரில் முன்பே எழுதி வைத்திருந்தது.

மறுபடி என் மேசையிலிருந்து கூப்பிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு பதில் வந்தது.

"வந்துட்டுல்லா?" என்றார் முதலாளி. நானும் வந்துவிட்டது என்றேன். வாய்ப் பழக்கம்.

"நாலு வந்துச்சு. அஞ்சாவது வரல" என்றார் டீச்சர். ஆறாவதும் வரவில்லை. ஏழாவது வந்தது. அவர் நோட்டில் எழுதினார். தோணிச் செய்தி ஒன்றும் வந்து விழவில்லை. முதலாளி, இவ்வளவு வந்ததே போதும், வந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பு, பாவம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்று என் காதில் சொன்னார். நான் பிரகாசியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டீச்சரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சர் அடுத்துச் செய்தது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. இவ்வளவு பாடுபட்டு எழுப்பின லினக்ஸை மொத்தமாக அணைத்தார். அணைத்துவிட்டு, என் மேசைக்கு வந்து அந்த நம்பரை மறுபடி கூப்பிட்டார்.

பதில் வந்தது. அணைந்து கிடக்கிற மிஷினிலிருந்து பதில் வந்தது.

"நம்ம மிஷின் ஆஃப்ல இருக்கு" என்று பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். "ஆனா யாரோ பதில் சொல்லுதாங்க. வேற ஏதோ ஒன்னு இந்த நம்பர எடுத்து வச்சிருக்கு."

பிரிண்டரின் வயரைப் பிடுங்கினார். பதில் வந்துகொண்டே இருந்தது. என் போனை வாங்கி அணைத்தார். அப்போதும் வந்தது. கிளார்க்கின் கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி போனில் புயல் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒங்க போன்ல வைஃபைய ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"என் போன் என்ன செஞ்சுது?"

"தெரியல. நிறுத்துனாத்தான் தெரியும்."

நிறுத்தினார். என் மேசையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன.

பழைய கம்ப்யூட்டர் இரண்டு நாளாக அணைந்து கிடந்ததால், அதன் நம்பர் சும்மா இருக்கிறது என்று நினைத்து ரூட்டர் அதை எடுத்து முதலாளியின் போனுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரே நம்பருக்கு இரண்டு பேர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இதைச் சொன்னதும் சமையல்காரனின் தாயார், "அந்தப் போனத் தூக்கிக் கடல்ல போடுங்கய்யா" என்றார். அவ்வளவு நேரத்தில் முதன்முதலாக யாரோ சிரித்தார்கள். முதலாளி போனை முழுவதுமாக அணைத்து மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

டீச்சர் லினக்ஸை எழுப்பினார். கூப்பிட்டார். பதில் வந்தது. எண்ணத் தொடங்கினார். பத்து தாண்டியதும் பிரகாசியும் கூடச் சேர்ந்து எண்ணினார். பிறகு மற்றவர்களும். செபமாலை சொல்கிற அதே தணிந்த குரலில் எட்டுப் பெண்கள் நூறுவரை எண்ணினார்கள். நடுவில் ஒன்றுகூட விடவில்லை.

"இப்ப உள்ள வருது" என்றார் டீச்சர். "செய்தி வருதான்னு பாக்கணும்."

ஒரு பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்து நிமிடம்போல ஒன்றை நான் அதற்குப் பிறகு என் மனைவியின் ஆபரேஷன் அன்றுதான் பார்த்தேன். பிறகு திரையில் ஒரு வரி விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று. இரண்டு நாளாக எங்களை வந்தடைய முடியாமல் வெளிநாட்டில் தேங்கிக் கிடந்த செய்தியெல்லாம் வரிசையாக வந்து இறங்கின. கடைசி வரியில் ஏழரை மணி என்றிருந்ததைப் பார்த்து முதலாளி பதறினார், அதற்குப் பிறகு ஒன்றுமில்லையே என்று. அது லண்டன் நேரம், நம்ம கணக்குக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், அப்படியென்றால் மத்தியானம் ஒரு மணி என்றார் டீச்சர். அப்போது மணி ஒன்று நாற்பது. வாட்சைப் பார்த்துத்தான் சொன்னார்.

சுவரில் கடல் வரைபடம் மாட்டியிருந்தது. நான் எண்களை வாசிக்க, அவர் பென்சிலால் புள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமைப் புள்ளிகள் தென்மேற்கே போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை வாசித்தேன். சனிக்கிழமை விடியற்காலையில் ஒரு புள்ளி வடக்கே தள்ளி விழுந்தது. அடுத்தது இன்னும் வடக்கே.

"திரும்பிட்டாவ" என்றார் பிரகாசி. எழுந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "கரையப் பாத்துத் திரும்பிட்டாவ."

டீச்சர் அடுத்த புள்ளியை வைத்தார். புள்ளிகள் கேரளக் கரையை நெருங்கின. ஞாயிறு காலை ஏழு, பத்து, ஒரு மணி, மூன்று புள்ளிகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. விழிஞ்சம் துறைமுகம்.

"நிக்கு" என்றார் டீச்சர். "மூணு தடவையும் ஒரே எடத்துல நிக்கு." அந்தச் சின்னப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் நல்லாயிருக்காவளா அக்கா என்று கேட்டாள்.  இப்போதாவது ஆமாம் என்று சொல்லக் கூடாதா என்று இருந்தது. "தோணி நிக்குன்னுதான் இதுல தெரியுது. ஆளுகளப் பத்தி இதுல வராது" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, விழிஞ்சத்துல ஒங்களுக்கு யாரையும் தெரியுமா?"

தெரியும். போனில் பேசிப் பிழைத்ததற்கு அன்று ஒரு பலன் கிடைத்தது. என் போனை மறுபடி எழுப்பி, அங்கே ஐஸ் கம்பெனியில் இருந்த ஒருவரைப் பிடித்தேன். அவர் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் என் போன் அடித்தது. பேசியது தண்டலே. அவர் குரலைக் கேட்டதும் போனைப் பிரகாசியிடம் கொடுத்துவிட்டேன்.

பிரகாசி காதில் வைத்துக்கொண்டு கேட்டார். கண்ணிலிருந்து நீர் ஓடியது. இரண்டு நிமிடம் "ம்", "ம்" என்று மட்டும் சொன்னார். பிறகு செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. போனை டீச்சரிடம் நீட்டினார். "எல்லாரும் சொகம்னு சொல்லுதாவ. எனக்காவச் சொல்லுதாவளோ என்னமோ. நீங்க கேளுங்க டீச்சர்."

டீச்சர் வாங்கினார். பதினோரு பேரும் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று தண்டல் சொல்லியிருப்பார். "பேரச் சொல்லுங்க" என்றார் டீச்சர். தண்டல் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, டீச்சர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். பெயர்கள் வர வர அந்த அறையில் ஒவ்வொருவராக மூச்சு விட்டார்கள். அந்தச் சின்னப் பெண் தன் புருஷன் பெயர் வந்ததும் தரையில் மண்டியிட்டுவிட்டாள். பத்துப் பெயர் ஆயிற்று. டீச்சர் நிறுத்தினார்.

பதினோராவது சமையல்காரன். அவன் கடைக்கு அரிசி வாங்கப் போயிருக்கிறான் என்று தண்டல் சொன்னாராம். தாயாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதான் கடைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டாரே, போதும் என்று முதலாளி கையை ஆட்டினார்.

"வரட்டும்" என்றார் டீச்சர். "லைன்லயே இருக்கேன்."

நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ஒருவரும் உட்காரவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நோட்டில் பன்னிரண்டு நிமிடம் என்று இருக்கிறது. பிறகு டீச்சர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "நீங்கதானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, போனைத் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிழவி இரண்டு கையாலும் பிடித்து வாங்கினார். அழவில்லை. காலையிலிருந்து டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

"ஏலே, நீதான்னா ஒங்க அக்கா பேரச் சொல்லு" என்றார்.

அந்தப் பக்கம் அவன் என்னமோ சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. கிழவி விடவில்லை. சொல்லு என்றார். அவன் சொன்னான். கிழவி போனைக் காதிலிருந்து எடுத்து, எல்லோரையும் ஒருமுறை பார்த்து, "அவந்தான்" என்றார்.

ஆபீசே சிரித்தது. முதலாளி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். டீச்சர் நோட்டை எடுத்து மணியைப் பார்த்து எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, என் மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.  நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையிலேருந்து பயந்துபோய்க் கெடந்தேன் அண்ணாச்சி" என்றார்.